கடிகாரக் கடைக் கதவும் கிரேக்க எதிர்காலமும்

ஏதென்ஸில் மொனஸ்திராகி ரயில் நிலையத்துக்குப் பின்னால் கிளை பிரியும் சந்துகளில் ஒன்றில், கடிகாரம் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றின் முன் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற கைக்கடிகாரம் பயணத்தின் இரண்டாம் நாளே நின்றுபோயிருந்தது; விடுதிக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடிப்போனால் கடை பூட்டிக் கிடந்தது. கதவுக் கண்ணாடியின் உட்புறம், கிழித்தெடுத்த அட்டைத் துண்டில் நீலப் பேனாவால் எழுதிய ஒரு வரி ஒட்டப்பட்டிருந்தது: 'தா எபிஸ்த்ரெப்ஸோ ஸெ லிகோ.' சற்று நேரத்தில் திரும்பி வருவேன் என்பது அதன் பொருள்.

அந்த நாளில் எனக்குப் பழைய கிரேக்கம் ஓரளவு தெரியும். புதிய கிரேக்கம் தண்ணீரும் ரொட்டியும் கேட்கும் அளவுக்குத்தான். புதிய ஏற்பாட்டை மூலத்தில் வாசிக்க வேண்டும் என்ற ஆசையில், நாற்பது வயதுக்கு மேல், 'கிராஃபோ, கிராப்ஸோ, எக்ராப்ஸா' (எழுதுகிறேன், எழுதுவேன், எழுதினேன்) என்று வாய்ப்பாடு போல ஒப்பித்திருக்கிறேன். ஆகவே 'எபிஸ்த்ரெப்ஸோ' என்ற சொல்லைக் கண்டதும் அந்நிய ஊரில் சொந்த ஊர்க்காரரைக் கண்டது போல இருந்தது. மத்தேயு 12:44-இல், மனிதனை விட்டுப் புறப்பட்ட அசுத்த ஆவி, விட்டுவந்த வீட்டுக்கே திரும்பிப்போவேன் என்று சொல்லும்போது அதன் வாயில் வருவது இதே சொல்தான். (கடிகாரக்காரர் மேல் எனக்கு எந்தத் தப்பெண்ணமும் இல்லை.) ஆனால் சுவிசேஷத்தில் அந்தச் சொல் தனியாக நிற்கிறது, கடைக் கதவிலோ அதன் முன்னால் 'தா' என்று ஒன்று துணைக்கு நிற்கிறது. நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்து மூச்சை விட்டுச் சொல்ல வேண்டிய 'தா' அது. தன்னளவிலேயே 'திரும்புவேன்' என்று பொருள் தந்த ஒரு சொல்லுக்கு இப்போது எதற்கு ஊன்றுகோல்?

விடை சொல்ல மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கதையைத் தொட வேண்டியிருக்கிறது. கிரேக்கத்தின் எழுத்துச் சான்றுகள் அவ்வளவு தொடர்ச்சியாகக் கிடைப்பதால், ஒரு காலம் காட்டும் வடிவம் தேய்ந்து, மறைந்து, வேறொன்று முளைத்து, அதுவும் தேய்ந்து ஒற்றை அசையாக ஒடுங்குவது வரை கண்கூடாகப் பார்க்க முடிகிறது.

பழங்கிரேக்க எதிர்காலத்தின் அடையாளம் ஒரு 'ஸ்' ஒலி. எழுதுகிறேன் என்பதற்கு 'கிராஃபோ', எழுதுவேன் என்பதற்கு 'கிராப்ஸோ'. இதன் மிகப் பழைய சான்றுகள் களிமண்ணில் இருக்கின்றன. கிரேக்க நாட்டின் தெற்குத் தீபகற்பமான பெலொப்பொனேசின் தென்மேற்கில் உள்ள பைலோஸ் அரண்மனை கி.மு. 1200-ஐ ஒட்டி எரிந்தபோது, அங்கிருந்த கணக்குப் பலகைகள் தீயில் சுடப்பட்டுக் கெட்டிப்பட்டதால் நமக்குக் கிடைத்தன. லீனியர் பி என்னும் அந்த எழுத்தை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வாசித்து, அது கிரேக்கமே என்று காட்டினார். அப்பலகைகளில் ஒன்று, ஊர்த் தலைவர்களும் அவர்களுடைய துணையதிகாரிகளும் ஈட்டிமுனைகளுக்காக வெண்கலம் தர வேண்டிய கணக்கைச் சொல்கிறது. அது 'ஜோ-தோ-ஸோ-ஸி' என்று தொடங்குகிறது. 'இவ்வாறு கொடுப்பார்கள்' என்று பொருள். அது கோயில் வெண்கலமா கப்பல் வெண்கலமா என்பதில் இன்றும் வழக்குத் தீரவில்லை. ஆனால் கொடுப்பார்கள் என்பதில் உள்ள 'ஸ்' மீது யாருக்கும் ஐயம் இல்லை. வரி கேட்கும் அதிகாரியின் எதிர்காலம் அது. அதில் எதிர்பார்ப்பும் உண்டு, கட்டளையும் உண்டு.

இந்த 'ஸ்' எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. கிரேக்கத்தின் இறந்தகால வடிவங்களோடு இணைந்த பழைய வியங்கோள் ஒன்றிலிருந்து வந்தது என்பது ஒன்று. விருப்பத்தைக் குறித்த ஒரு பழைய விகுதியிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. அந்த விருப்ப விகுதியின் வடமொழி உறவுகள் தமிழ் வாசகருக்குப் பழக்கமானவையே: அறிய விரும்புதல் ஜிக்ஞாசை, விடுதலை விரும்புபவர் முமுட்சு, சிந்தித்து ஆராய விரும்புதல் மீமாம்சை. இச்சொற்களின் உள்ளே கிடக்கும் 'ஸ' ஒலியே விருப்பத்தைச் சுமக்கிறது. அதே குடும்பத்து 'ஸ்'தான் கிரேக்கத்தில் 'எழுத விரும்புகிறேன்' என்பதிலிருந்து 'எழுதுவேன்' ஆகியிருக்கிறது என்று கொண்டால், வேறொரு புதிரும் அவிழ்கிறது. கேட்கிறேன், பார்க்கிறேன், கற்கிறேன், தப்பி ஓடுகிறேன் என உடலையும் மனத்தையும் சார்ந்த பல வினைகள் நிகழ்காலத்தில் சாதாரணச் செய்வினையாக இருந்துகொண்டு, எதிர்காலத்தில் மட்டும் தன்மேல் திரும்பும் நடுவினை விகுதியை எடுத்துக்கொள்கின்றன. 'அகூஓ' என்றால் கேட்கிறேன். கேட்பேன் என்பதோ 'அகூஸொமாய்'. தனக்காக ஒன்றை விரும்புகிற நிலையில் அந்த விகுதி வருவது இயல்புதான். இலக்கண நூலில் விதிவிலக்குப் பட்டியலாக மனப்பாடம் செய்ததற்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்று தெரிந்த அன்று, அந்தப் பட்டியல் மேல் இருந்த கோபம் பாதி தணிந்தது.

அந்த 'ஸ்' தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பாக இருக்கவில்லை. கிரேக்கத்தில் மிகப் பழங்காலத்திலேயே இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வந்த 'ஸ்' மூச்சொலியாகத் தேய்ந்து மறைந்தது. அந்த விதி ஒழுங்காகச் செயல்பட்டிருந்தால் உயிரொலியில் முடியும் வினைகள் எல்லாம் தங்கள் எதிர்கால அடையாளத்தை இழந்திருக்கும். 'கிராப்ஸோ' போல மெய்யொலியை ஒட்டி 'ஸ்' பிழைத்திருந்த வினைகளைப் பார்த்து, பேசியவர்கள் மற்றவற்றிலும் அதைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் ல, ம, ன, ர ஒலிகளில் முடியும் வினைகளில் போனது போனதுதான். தங்கியிருக்கிறேன் என்பதற்கு 'மெனோ'; தங்கியிருப்பேன் என்பது 'மெனெஸோ'வாக இருந்து, 'மெனெஓ'வாகி, கடைசியில் அதுவும் 'மெனோ' ஆயிற்று. முதல் அசையில் குரல் உயர்ந்தால் நிகழ்காலம், கடைசி அசையில் உயர்ந்து தாழ்ந்தால் எதிர்காலம், வேறுபாடு அவ்வளவுதான். அழைக்கிறேன் என்பதற்கும் அழைப்பேன் என்பதற்கும் ஏதென்ஸ் வழக்கில் அந்தச் சுர வேறுபாடுகூட இல்லை, இரண்டும் 'கலோ'. போவேன் என்பதற்கு எதிர்கால வடிவமே தேடாமல் நிகழ்கால 'எய்மி'யையே பயன்படுத்தினார்கள். நாமும் 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்கிறோம். ஆகவே இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிளேட்டோ காலத்திலேயே இந்த எதிர்காலம் ஒட்டுப்போட்ட துணியாக இருந்தது என்பதைப் பாடநூல்கள் அழகான அட்டவணைகளுக்குள் மறைத்துவிடுகின்றன என்பதுதான் என் குறை.

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோனீசியஸ் திராக்ஸ் என்பவரின் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம், காலம் மூன்று என்று சொல்லிவிட்டு, இறந்தகாலத்தை மட்டும் நான்காகப் பிரிக்கிறது. பிறகு காலங்களுக்கு இடையே மூன்று உறவுகளைக் கூறுகிறது. அவற்றில் எதிர்காலத்துக்கு உறவாக அது காட்டுவது நிகழ்காலத்தை அன்று. 'அஒரிஸ்தொஸ்' எனப்படும், முழுமையாக முடிந்த செயலைச் சொல்லும் இறந்தகால வடிவத்தை. காதில் விழுந்ததை வைத்துத்தான் இலக்கணக்காரர் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: 'கிராப்ஸோ' எழுதுவேன், 'எக்ராப்ஸா' எழுதினேன், இரண்டிலும் அதே 'ப்ஸ்'. அவர் சுட்டிய இந்த உறவுதான் சில நூற்றாண்டுகளில் எதிர்காலத்தைக் கவிழ்த்தது. ஏனெனில் அந்த இறந்தகால அடியிலிருந்தே வியங்கோள் வடிவமும் பிறந்தது. 'எழுதுவோமாக', 'எழுதட்டும்', 'எழுதினால்' என்ற பொருள்களில் அது வரும்.

இங்கே தமிழ் எழுத்து நமக்குப் பெரிய உதவி செய்கிறது. எழுதுவோம் என்பது 'கிராப்ஸொமென்', எழுதுவோமாக என்பது 'கிராப்ஸோமென்'. முன்னதில் குறில் ஒ, பின்னதில் நெடில் ஓ. எழுதுவார் என்பது 'கிராப்ஸெய்', எழுதட்டும் என்பது 'கிராப்ஸேய்'. இங்கே எகரமும் ஏகாரமும். தன்மை ஒருமையில் தொடக்கத்திலிருந்தே இரண்டும் 'கிராப்ஸோ'தான். ஆங்கில எழுத்தில் எழுதினால் மேலே கோடு போட்டுக் காட்ட வேண்டிய இந்த வேறுபாடு நமக்கு ஒரு கொம்பிலோ காலிலோ தெரிந்துவிடுகிறது. (ஓலைச்சுவடிகளில் எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாமல் இருந்ததையும், அதைத் தீர்க்க வீரமாமுனிவர் எழுத்தில் மாற்றம் செய்ததையும் நினைத்துக்கொள்ளலாம். நம்மிடம் ஒலி இருந்தது, எழுத்து தடுமாறியது. கிரேக்கரிடம் எழுத்து இருந்தது, ஒலி போய்விட்டது.) அலெக்சாந்தருக்குப் பின் கிழக்கு மத்தியதரைக்கடல் முழுதும் பரவிய பொதுக் கிரேக்கத்தில் குறில் நெடில் வேறுபாடு மெல்ல அழிந்தது. எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரசுக் கடிதங்களில் ஒ எழுத வேண்டிய இடத்தில் ஓ, ஓ எழுத வேண்டிய இடத்தில் ஒ என்று மாறாட்டம் மலிந்திருக்கிறது. 'எய்', 'ஏய்' இரண்டும் காலப்போக்கில் 'இ' ஆயின. எழுதுவார், எழுதட்டும் இரண்டும் 'கிராப்ஸி' என்ற ஒரே சொல்லாகக் காதில் விழுந்தன.

இதன் விளைவை ஓர் இடத்தில் கிட்டத்தில் பார்க்கலாம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 15:49 வசனம், மண்ணானவனின் சாயலை அணிந்ததுபோல வானவருடைய சாயலையும் அணிவோம் என்று சொல்கிறது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாத்திக்கான் சுவடியில் இச்சொல் 'ஃபொரெஸொமென்' என்று குறிலோடு இருக்கிறது. அணிவோம், அது நடக்கும் என்ற வாக்குறுதி. அதைவிடப் பழைய, ஏறக்குறைய கி.பி. 200-ஐச் சேர்ந்த ஒரு பாப்பிரசுச் சுவடியிலும், சினாய்ச் சுவடி உள்ளிட்ட வேறு பலவற்றிலும் 'ஃபொரெஸோமென்' என்று நெடிலோடு இருக்கிறது. அணிவோமாக, அதற்கு முயல்வோம் என்ற அறிவுரை. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு எழுதிய காலத்தில், எது எழுத்தரின் காதுப் பிழை, எது பவுலின் சொல் என்று தீர்ப்பது எளிதன்று. நம்பிக்கையா கடமையா என்ற பெரிய கேள்வி, ஒரு மாத்திரை அளவில் தொங்குகிறது. 'அணிந்துகொள்வோம்' என்று தமிழில் எழுதினால் வாக்குறுதியும் வரும், 'வாருங்கள் அணிவோம்' என்ற அழைப்பும் வரும். நம் எதிர்காலமும் அவ்வளவு ஒன்றும் தெளிவானதன்று.

ஒலிகள் கலந்த பிறகு, இன்னது நடக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேறு வழிகள் தேவைப்பட்டன. அந்த வழிகள் புதிதாக உண்டாக்கப்பட்டவை அல்ல. முன்பே மொழியில் சும்மா உலவிக்கொண்டிருந்த மூன்று சொற்றொடர்கள் அந்த இடத்துக்குப் போட்டியிட்டன.

முதலாவது 'மெல்லோ'. செய்யவிருக்கிறேன், செய்யும் தறுவாயில் இருக்கிறேன் என்று பொருள்படும் இது, ஹோமர் காலத்திலிருந்தே வினையெச்சத்தோடு சேர்ந்து வந்தது. படித்தவர்களின் உரைநடையில் இதற்கு நல்ல மதிப்பு இருந்தது. பேச்சில் அது எப்படியெல்லாம் நெகிழ்ந்தது என்பதை, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தூய ஏதென்ஸ் கிரேக்கத்துக்காகப் போராடிய ஃப்ரினிகஸ் என்பவரின் எரிச்சலிலிருந்து அறிகிறோம். 'மெல்லோ'வுக்குப் பின்னால் நிகழ்கால எச்சமோ எதிர்கால எச்சமோ வரலாம், அஒரிஸ்தொஸ் எச்சத்தைச் சேர்ப்பது கடைந்தெடுத்த பிழை என்கிறார் அவர். ஊரில் யாரும் செய்யாத பிழையை யாரும் கண்டிப்பதில்லை. மொழி வரலாற்றில் இத்தகைய சிடுசிடுப்புக்காரர்களுக்கு நாம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். தாங்கள் வெறுத்ததையெல்லாம் தேதியோடு பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டாவது 'எகோ', அதாவது 'என்னிடம் இருக்கிறது'. செய்ய இருக்கிறது என்ற பொருளில் தொடங்கி, பண்டைக்காலத்தின் இறுதி நூற்றாண்டுகளில் அது எதிர்காலமாக நிறையப் பயன்பட்டது. அதே காலத்தில் மேற்கே லத்தீனிலும் 'பாட இருக்கிறது' என்ற அமைப்பே வளர்ந்தது. இன்றைய பிரெஞ்சு, இத்தாலிய எதிர்கால விகுதிகள் அதன் எச்சங்கள். கிரேக்கத்தில் அது அப்படி நிலைக்கவில்லை. அதன் இறந்தகால வடிவமான 'எய்கா', 'செய்திருப்பேன், ஆனால் செய்யவில்லை' என்ற பொருளுக்கு நகர்ந்து, அங்கிருந்து 'செய்திருந்தேன்' என்பதற்கு நகர்ந்தது. பிறகு அதைப் பார்த்தே 'எகோ கிராப்ஸி' (எழுதியிருக்கிறேன்) தோன்றியது. எதிர்காலப் பதவிக்கு விண்ணப்பித்தவருக்கு இறந்தகால இலாகாவில் வேலை கிடைத்த கதை இது.

மூன்றாவது 'தெலோ', விரும்புகிறேன். பழைய வடிவம் 'எதெலோ'. உயிரற்றவற்றுக்கு இந்த வினையைப் பயன்படுத்தத் தொடங்கினால், விருப்பம் கரைந்து எதிர்காலம் துளிர்க்கிறது என்று அறியலாம். ஹெரோதோத்தஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே அதைச் செய்கிறார். முதல் புத்தகத்தில், குழந்தை சைரஸைக் கொன்றுவிடும்படி அரசன் அஸ்தியாகெஸ் பணித்ததும், ஹார்ப்பகஸ் வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்புகிறான்: அரசனுக்கு வயதாகிவிட்டது, ஆண் வாரிசு இல்லை, நாளைக்கு ஆட்சி அவனுடைய மகளிடம் போகுமானால் என் கதி என்ன என்பது அவன் கவலை. 'போகுமானால்' என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது, சொல்லுக்குச் சொல், 'ஆட்சி மகளிடம் போக விரும்புமானால்'. ஆட்சிக்கு ஏது விருப்பம்? 'மழை வரப் பார்க்கிறது' என்று நாம் சொல்லும்போது மழைக்குக் கண் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை அல்லவா, அப்படித்தான்.

அந்த விதை முளைக்க ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டிலிருந்து பேச்சுமொழிச் சாயலோடு எழுதப்பட்ட பாடல்கள் கிடைக்கின்றன. அவற்றில் 'தெலோ' எதிர்காலமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. நான்காம் சிலுவைப்போரின் படைகள் 1204-இல் கான்ஸ்டான்டினோப்பிளைப் பிடித்த பின், பிராங்கியர் பெலொப்பொனேசைக் கைப்பற்றிய கதையைச் சொல்லும் 14ஆம் நூற்றாண்டுச் செய்யுள் வரலாறு ஒன்று உண்டு. மொரேயா வரலாறு என்பது அதன் பெயர். கோபன்ஹேகனில் உள்ள சுவடியில் அது 'தெலோ நா ஸெ அஃபிகிதோ' என்று தொடங்குகிறது. 'உனக்கு ஒரு பெரிய கதை சொல்ல விரும்புகிறேன்' என்றும் இதைப் படிக்கலாம், 'சொல்லப்போகிறேன்' என்றும் படிக்கலாம். அடுத்த அடியில் 'கேட்க விரும்பினால் உனக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன்' என்று அதே வினை மீண்டும் வருகிறது. அங்கே அது விருப்பம் மட்டுமே. இரண்டு அடிகளுக்குள் ஒரே வினை அசைந்தாடுவதைப் பார்க்கும்போது, மாற்றத்தின் நடுவே நின்று பேசிய ஒருவரின் குரலைக் கேட்பது போல இருக்கிறது.

அந்த அடியில் உள்ள 'நா'வையும் கவனிக்க வேண்டும். பழங்கிரேக்கத்தில் 'எழுத' என்பது போன்ற வினையெச்சம் தாராளமாக இருந்தது. இடைக்காலத்தில் அது அருகிப்போய், 'நான் எழுதும்படியாக' என்று எண்ணும் இடமும் காட்டும் முழுவினை அந்த இடத்தைப் பிடித்தது. 'ஹினா' என்ற பழைய இடைச்சொல் தலை தேய்ந்து 'நா' ஆனதும் அப்போதுதான். ஆகவே ஒரு காலத்தில் இரண்டு அமைப்புகளும் அருகருகே புழங்கின. ஒன்று 'தெலோ கிராப்ஸி', அதாவது விரும்புகிறேன் எழுத. மற்றொன்று 'தெலோ நா கிராப்ஸோ', அதாவது விரும்புகிறேன் நான் எழுதும்படியாக. முன்னதில் உள்ள 'கிராப்ஸி' வினையெச்சத்தின் தேய்ந்த வடிவம். ஆனால் அது, எழுதுவார் என்ற படர்க்கை வினையோடு ஒலியில் முற்றாக ஒன்றிவிட்டது. 'தெலி கிராப்ஸி' என்று ஒருவர் சொன்னால், 'அவர் எழுத விரும்புகிறார்' என்று பிரிப்பதா, 'தெலி' என்பது வெறும் எதிர்காலக் குறி, 'கிராப்ஸி' என்பதே அவர் எழுதுவார் என்று பிரிப்பதா என்பது கேட்பவர் கையில் விடப்பட்டது. இந்தக் குழப்பத்தில்தான் படர்க்கை வடிவமான 'தெலி' எல்லா இடங்களுக்கும் பொதுவாக உறைந்தது என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. உறைந்ததும் தேயத் தொடங்கியது. 'தெலி நா' என்பது 'தெ நா' ஆயிற்று; பின்னால் வந்த உயிரொலி முன்னதை இழுத்து 'தா நா' ஆக்கியது; 'தான்' என்று சுருங்கி, முடிவில் 'தா' மட்டும் மிஞ்சியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தாய் சாகாமலே பிள்ளை பிரிந்து போனதுதான். 'தெலோ நா கிராப்ஸோ' என்பது இன்றும் உயிரோடு இருக்கிறது. எழுத விரும்புகிறேன் என்பது மட்டுமே அதன் பொருள். 'தா கிராப்ஸோ' என்றால் எழுதுவேன். 'தா வ்ரெக்ஸி' என்றால் மழை பெய்யும். 'தெலோ நா வ்ரெக்ஸி' என்றால் மழை பெய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டுக்கும் தாய் ஒன்று என்று சந்தையில் பேசுகிற யாருக்கும் தோன்றாது.

கிரேக்கத்துக்கு வெளியேயும் பால்கன் நாடுகளில் இதே கதை நடந்திருக்கிறது. பல்கேரிய மொழியின் 'ஷ்தெ', செர்பிய மொழியின் 'சு', தென் அல்பேனியாவின் 'தோ', ருமேனிய மொழியின் 'வோய்' எல்லாம் அந்தந்த மொழியில் விரும்புதலைக் குறித்த வினையின் தேய்ந்த வடிவங்கள். குடும்பத்தால் வேறுபட்ட கிளைகள் இவை. டென்மார்க் அறிஞர் கிறிஸ்டியன் சாண்ட்ஃபெல்ட் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய ஒற்றுமைகளுக்குப் பெரும்பாலும் கிரேக்கத்தையே ஊற்றாகக் காட்டினார். எல்லாவற்றையும் ஒரே கிணற்றில் இறைத்ததாகச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பல மொழிகள் பேசிய மேய்ப்பரும் வணிகரும் வாழ்ந்த ஊர்களில் கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும்தான் நடந்திருக்கும். கிரேக்க மொழிக்குள்ளேயே எல்லாரும் 'தா' சொல்வதும் இல்லை. சைப்ரஸ்காரர் 'எந்நா' என்பார். அதுவும் அதே 'தெலி நா'வின் வழிவந்தது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

இன்றைய 'தா', பழைய 'ஸ்' செய்யாத ஒன்றைச் செய்கிறது. 'தா கிராப்ஸோ' என்றால் ஒருமுறை எழுதி முடிப்பேன். 'தா கிராஃபோ' என்றால் எழுதிக்கொண்டிருப்பேன், அல்லது அடிக்கடி எழுதுவேன். பழைய எதிர்காலத்துக்கு இந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லை. தேய்ந்து நலிந்ததாகப் பலர் எண்ணும் மொழிதான் இங்கே கூடுதல் நுட்பம் பெற்றிருக்கிறது. இறந்தகால வினையோடு சேர்த்து 'தா எக்ராப்ஸெ' என்றால் எழுதியிருப்பார் என்ற ஊகம்; 'இப்போது வீட்டில் இருப்பார்' என்று நாம் எதிர்காலத்தைக் கொண்டு நிகழ்காலத்தை ஊகிப்பது போலவே அவர்களும் 'தா' சொல்லி ஊகிக்கிறார்கள்.

அப்படியானால் கடைக் கதவில் இருந்த 'எபிஸ்த்ரெப்ஸோ' அசுத்த ஆவி சொன்ன அதே சொல்லா? ஒலியில் ஆம், பிறப்பில் இல்லை. 'தா'வுக்குப் பின்னால் வருவது பழைய எதிர்காலம் அன்று; அதோடு குழம்பிப்போன அந்த வியங்கோள். 'நா' அதைத்தான் கேட்கும், 'தா' அதை 'நா'விடமிருந்து பெற்றது. 1976-இல் பேச்சுவழக்குக் கிரேக்கம் ஆட்சிமொழி ஆவதற்கு முன் அச்சான பல புத்தகங்களில், எழுதுவார் என்பதற்கு 'தா கிராப்ஸி' என்று அச்சிடும்போது கடைசி 'இ'யை பழைய ஏகார எழுத்தால் எழுதியிருப்பார்கள். அது வியங்கோளின் எழுத்து. எழுத்துமுறையை எளிமையாக்கியபோது அதை எடுத்துவிட்டு 'எய்' எழுத்துகளைப் போட்டார்கள். அவ்வாறு எழுதினால், தெரிந்தோ தெரியாமலோ, செத்துப்போன பழைய எதிர்காலத்தின் எழுத்துக்கூட்டலே அச்சு அசலாகத் திரும்பி வந்துவிடுகிறது.

முற்றிலும் செத்துவிட்டது என்று சொல்வதும் சரியன்று. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிரேக்கத் தேவாலயத்துக்குள் நுழைந்தாலும், கி.பி. 381-இல் முடிவான விசுவாச அறிக்கையைச் சபையார் ஓதுவதைக் கேட்கலாம். கிறிஸ்துவின் ஆட்சிக்கு முடிவு இராது என்ற இடத்தில் 'ஊக் எஸ்தெ தெலோஸ்' என்கிறார்கள். அந்த 'எஸ்தெ' கலப்பில்லாத பழைய எதிர்காலம். போட்டியில் தோற்ற 'மெல்லோ'வும் வெறுங்கையோடு போகவில்லை. எதிர்காலம் என்பதற்கு இன்றைய கிரேக்கச் சொல் 'மெல்லோன்', இலக்கணத்தில் எதிர்காலத்துக்குப் பெயர் 'மெல்லொந்தாஸ்'.

கடிகாரக்காரர் நாற்பத்தைந்து நிமிடம் கழித்து, கையில் காப்பிக் கோப்பையோடு வந்தார். கடிகாரத்தைத் திறந்து, கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்தி, உள்ளே நெடுநேரம் பார்த்துவிட்டு, 'தா தோ ஃப்தியாக்ஸோ' என்றார்: சரிசெய்து தருவேன். நாளை மாலை வரும்படி விரல்களால் காட்டினார். நான் பெருமையாக, நாளை வருவேன் என்பதற்குப் புத்தகத்தில் படித்த 'எலெஃப்ஸொமெ'யை எடுத்துவிட்டேன். அவர் சிரித்து, சிலுவை அடையாளம் போட்டுக் காட்டினார்; கோயிலில் கேட்கும் சொல்லைக் கடையில் கேட்டுவிட்டார் போல. மறுநாள் மாலை போனேன். கடிகாரம் மேசைமேல் அப்படியே திறந்து கிடந்தது. அவர் தோளைக் குலுக்கி, உள்ளங்கையை விரித்து, 'தெலோ நா தோ ஃப்தியாக்ஸோ, அலா...' என்று இழுத்தார்: சரிசெய்ய ஆசைதான், ஆனால்...